மண்டபத்து வாசலில் லோடு டெஸ்ட்

காஞ்சிபுரத்தில் எல்லா நிறத்துக்கும் பெயர் உண்டு. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் என் ஷெட்டு வாசலில் வந்து இறங்கிய ஜெனரேட்டரின் பச்சைக்கு ஒருவரும் பெயர் சொல்லவில்லை. “இன்னாம்மா, பழைய இரும்பு யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?” என்றுதான் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்டார்கள். நானும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். “ஆமா, உங்க வூட்ல இருந்தா எடுத்தாங்க.”

அது ராணுவ டிப்போ ஏலத்தில் எடுத்த டீசல் ஜெனரேட்டர். இரண்டு சக்கர டிரெய்லரில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தை ஏ.சி., லிப்ட், சமையல்கூடத்தோடு தாங்குகிற அளவு. காகிதத்தில் அப்படி. நேரில் பார்த்தால் எலிக்கூடும் சிலந்தி வலையுமாக இருந்தது. அதை நம்பித்தான் நான் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதாக இருந்தேன்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். கூரம் பக்கத்துக் காலனியில், அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய அப்பா அம்மாவுக்குப் பிறந்து பாலிடெக்னிக் போனவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் பல வருஷம் ஷிப்டு பார்த்தேன். அங்கே மெஷின் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். அது ஓட ஆரம்பித்ததும், ஓட வைத்தது வேறு யாரோ ஆகிவிடுவார்கள். மீட்டிங்கில் சூப்பர்வைசர் எழுந்து நின்று கைதட்டு வாங்குவார், நான் பின்வரிசையில் கைதட்டுவேன். ஒருநாள் கைதட்டவில்லை. அதைக் கேள்வி கேட்டார்கள். நான் கேட்ட பதில் கேள்வி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, இனிமேல் என் கை அடுத்தவன் பேரில் வேலை செய்யாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “சரி, வேற யாரு பேர்ல செய்யும்?” என்று கேட்டார். “என் பேர்ல” என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

முசரவாக்கம் போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து மோட்டார் ரிப்பேர் பார்த்தேன். அது அரிசிக்குச் சரியாக இருந்தது. ஷெட்டு நிலைக்க வேண்டுமானால் ஒரு மண்டபமாவது என் ஜெனரேட்டரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஸ்ரீபெரும்புதூர் பஸ். தொழிற்சாலையிலிருந்தும் அவ்வப்போது போன் வந்துகொண்டுதான் இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள்.

எங்கள் பக்கத்து மண்டபங்களுக்கெல்லாம் ஜெனரேட்டர் வைப்பவர் ஒரே ஆள், சவுண்டு சர்வீஸ் கடைக்காரர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். ஒரு மண்டபத்து மேனேஜரை நான் நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். தொல்லை தாங்காமல், “ஃபுல் லோடு இழுத்துக் காட்டும்மா, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பச்சை மெஷினோடு மல்லுக்கு நின்றேன்.

முதலில் அது கிளம்பவே இல்லை. ஸ்டார்ட்டருக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும். லாரி பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கட்டினேன். சுற்றியது, இருமியது, நின்றது. டேங்கைத் திறந்தால் அடியில் கறுப்பாகக் கூழ். கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றி, டீசல் குழாயில் நின்ற காற்றைக் கைப்பம்பு அடித்து வெளியே தள்ளினேன். அடுத்த தடவை பக்கத்து டீக்கடைத் தகரமே அதிர்கிற மாதிரிக் கிளம்பியது. வீட்டுக்காரர் விசில் அடித்தார்.

இன்ஜின் ஓடியது, கரண்டு வரவில்லை. வோல்ட் மீட்டரின் முள் படுத்தே கிடந்தது. ரொம்ப நாள் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டருக்குள் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் போய்விடும். அது துளியாவது இருந்தால்தான் கரண்டு பிறக்கும். பீல்டு வயரைப் பிரித்து, பேட்டரியிலிருந்து ஒரு தொடு தொட்டு எடுத்தேன். முள் எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நன்றாகவே அழுதேன்.

அதற்குப் பிறகும் அது அடங்கவில்லை. பேனலில் ஒரு பழைய மாதிரி மீட்டர். அதில் முள் கிடையாது, வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளை நாக்குகள். இன்ஜின் சரியான வேகத்தில் ஓடினால் ஐம்பது என்று போட்ட நாக்கு படபடவென்று ஆடும். என் மெஷினில் நாற்பத்தெட்டு ஆடும், ஐம்பத்திரண்டு ஆடும், திரும்ப நாற்பத்தெட்டுக்கு வரும். பம்பைச் சந்தேகப்பட்டேன், இன்ஜெக்டரைக் கழற்றினேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி பெயின்ட். டிப்போவில் யாரோ ஒரு கடமை தவறாத மனிதர், தூசி தட்டச் சொன்ன போதெல்லாம் மேலே ஒரு கோட்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறார். வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற கவர்னரின் மூட்டில் அடுக்கடுக்காகப் பச்சை. அசைய வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு, திடீரென்று விட்டு, மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. எர்த் கம்பி கட்டுகிற போல்ட்டின் மேலும் அதே கைவரிசை. பிளேடும் உப்புத்தாளும் வைத்துச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஸ்டார்ட் செய்தேன். ஐம்பது நாக்கு மட்டும் ஆடியது.

மேனேஜருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

லோடு டெஸ்டுக்கென்று பெரிய கம்பெனிகளில் ஹீட்டர் பெட்டி வைத்திருப்பார்கள். எனக்கு ஏது? எலக்ட்ரிசியன்கள் செய்கிற பழைய வழி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணீர், அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கும் மூன்று இரும்புத் தகடுகள், தகட்டுக்கு ஒரு பேஸ் கரண்டு. வெறும் தண்ணீர் அவ்வளவாகக் கரண்டு இழுக்காது. உப்பு சேரச் சேர இழுக்கும். ஒவ்வொரு தடவையும் பிரேக்கர் சுவிட்சை இறக்கிவிட்டு, உப்பைப் போட்டுக் கலக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். முழு லோடு வந்ததும் உப்பை நிறுத்திவிடலாம். மெஷின் தாங்கினால் தண்ணீர் கொதிக்கும். சுற்றிலும் கயிறு கட்டி ஒருவரையும் கிட்டே விடக்கூடாது, அது ஒன்றுதான் கண்டிப்பு.

தண்ணீர் கொண்டுவருகிற வேலை வீட்டுக்காரருடையது. அவர் டிராக்டர் ஓட்டுகிறார். பாதி நாள் சாயப்பட்டறைகளுக்குத்தான் ஓட்டம், அதனால் வண்டியில் எப்போதும் நாலு நீல டிரம் கிடக்கும். காலையில் ஒரு டிரம்மைத் தண்ணீரோடு கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. தொட்டித் தண்ணீராக இருக்கும் என்று நினைத்துத் தகடுகளை முழுக்க இறக்கிக் கட்டினேன். உப்பு மூட்டை தயாராகப் பக்கத்தில் இருந்தது.

மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்த கையோடு மேனேஜர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னாலேயே காரில் சவுண்டு சர்வீஸ்காரரும் வந்தார். “நமக்கு மெஷின் பத்தித் தெரியாதும்மா, அதான் அண்ணனைக் கூட்டியாந்தேன்” என்றார் மேனேஜர். மாப்பிள்ளை எப்படி என்று பழைய மாமனாரைக் கேட்கிற மாதிரி இருந்தது. வாங்க அண்ணே என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

இன்ஜினைக் கிளப்பி, பிரேக்கரை ஏற்றினேன். ஒரு சிட்டிகை உப்புகூடப் போடவில்லை. மெஷின் அடிவயிற்றிலிருந்து முனகியது. புகை கறுகறுவென்று எழுந்தது. ஐம்பது நாக்கு நின்று, அதற்குக் கீழே இருந்த நாக்குகள் ஆடின. அடுத்த மூச்சில் படார் என்று பிரேக்கர் விழுந்துவிட்டது.

“உப்பே போடல, அதுக்குள்ள மூச்சு வாங்குது” என்று சவுண்டு சர்வீஸ்காரர் சிரித்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரி சொன்னார். “ஆர்மிக்காரனே கழிச்சிட்டது சார். இவங்க ஆளுங்களுக்கு கெவுருமென்ட்டு எத்தத் தூக்கிப் போட்டாலும் பெருசுன்னு எடுத்துக்கினு வந்துடுவாங்க.”

இவங்க ஆளுங்க. இந்த இரண்டு வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடனே ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் மெஷின் கண்ணெதிரே விழுந்து கிடந்ததால் வாய் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்கூட்டரும் காரும் போய்விட்டன.

இன்ஜினை அணைத்து, வயரை எல்லாம் கழற்றிவிட்டு, டிரம்மைக் காலி செய்யலாம் என்று தண்ணீருக்குள் கைவிட்டேன். விரல் வழுக்கியது. இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தேன், வழவழவென்று நுரைத்தது.

“யோவ், இந்தத் தண்ணி எங்கேர்ந்து?”

“டிரம்முல இருந்துச்சு.”

“டிரம்முல எப்பிடி வந்துச்சு?”

“குழாய்ல தண்ணி வரலம்மா. பட்டறைக்காரரு நூலு அவிச்ச தண்ணியக் கொட்டச் சொல்லி வண்டியில ஏத்தியிருந்தாரு. அத்தக் கொட்டிட்டு வேற தண்ணிக்கு எங்க அலையறதுன்னு அப்பிடியே இறக்கிட்டேன். சோப்பும் சோடாவும்தானே போட்டிருக்குது? சுத்தமாத்தானே இருக்கும்?”

பட்டு நூலில் இருக்கிற பிசின் போவதற்குச் சோப்பும் சோடாவும் போட்டு அவிப்பார்கள். அந்தத் தண்ணீர் உப்புத் தண்ணீரைப் போலவே கரண்டை இழுக்கும். வேறு எந்த ஊரிலாவது லோடு டெஸ்டுக்குத் தண்ணீர் கேட்டால் பட்டு அவித்த தண்ணீர் வருமா? இந்த ஊரில்தான் வரும். அதுவும் என் புருஷன்தான் கொண்டுவருவார். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷின் மேல் எடுத்த எடுப்பில் முழு லோடுக்கும் மேலே, எவ்வளவோ மேலே போட்டிருக்கிறோம். இன்ஜின் அணையவில்லை. பிரேக்கர் விழ வேண்டியபடி விழுந்து மெஷினைக் காப்பாற்றியிருக்கிறது. கோளாறு எதுவுமே இல்லை.

“அப்போ போனப் போட்டுச் சொல்லிடு, தண்ணிதான் தப்புன்னு” என்றார் அவர், குற்றமுள்ள முகத்தோடு.

“சொல்ல மாட்டேன். சொன்னா சாக்கு சொல்றான்னு சொல்வாங்க. டிராக்டரை எடு.”

“எங்க?”

“மண்டபத்துக்கு.”

அன்று அந்த மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து, மாலை வரவேற்புக்கு முன்னால் இருக்கிற ஓய்ந்த நேரம். வாசலில் வாழைமரம் தொங்கிப்போயிருந்தது. பட்டுப் புடவையோடு பெண்கள் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார்கள். எங்கள் டிராக்டர் பச்சை மெஷினை இழுத்துக்கொண்டு நேராக முன்வாசலுக்கு எதிரே போய் நின்றது. மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“யாரக் கேட்டு இங்க நிறுத்தின?”

“ரோடு மாநகராட்சி ரோடு சார். ஃபுல் லோடு இழுத்துக் காட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? காலையில தண்ணி தப்பு. இப்ப உங்க தண்ணியிலயே காட்டறேன், அப்புறம் எவனும் பேச முடியாது.”

அவர் பதில் யோசிப்பதற்குள் நான் பக்கவாட்டுச் சந்தில் புகுந்துவிட்டேன். அங்கே அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்கள் பக்கத்து ஊர்க்காரர். என்ன ஏது என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் குழாயை நீட்டி, “புடி கண்ணு, எம்மா வேணுமோ ரொப்பிக்கோ” என்றார். உப்பும் அவரே சமையல்கூடத்திலிருந்து ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தார். கழுவிக் கவிழ்த்த வேறொரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தகடுகளைக் கட்டி, மண்ணில் எர்த் கம்பி அடித்து, சுற்றிலும் கயிறு கட்டினேன். முடிச்சுகளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பயம்தான். இரண்டாம் தடவையும் விழுந்தால் அந்த ஊரில் என் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்புகூட மாட்ட முடியாது.

வெறும் தண்ணீரில் ஏற்றினேன், மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. இறக்கி, உப்புப் போட்டு, ஏற்றினேன். கால் லோடு. மறுபடி உப்பு. அரை லோடு வந்ததும் சைலன்சர் கறுப்பாகக் கக்க ஆரம்பித்தது. “நிறுத்தும்மா, ரிசப்ஷனுக்கு ஆளு வரப்போறாங்க, நிறுத்து!” என்று மேனேஜர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. டிப்போவில் வருஷக்கணக்கில் அந்த மெஷினைச் சும்மாவே ஓட்டி ஓட்டி அணைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜின் சும்மா ஓடினால்தான் உள்ளே கரி பிடித்துக் கெட்டுப்போகும். பாரம் ஏற்றினால் அந்தக் கரி எரிந்து தெளியும். முழு லோடு ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் கறுப்பு வந்தது, பிறகு சாம்பல், பிறகு புகை இருக்கிற இடமே தெரியவில்லை. சத்தம் ஒரே சீராக இறுகியது. ஐம்பது நாக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. டிரைவர்கள், சமையல்காரர்கள், கல்யாண வீட்டு மாமாக்கள். டிரம்மில் முதலில் ஆவி வந்தது, பிறகு குமிழி வந்தது, பிறகு தண்ணீர் தளதளவென்று கொதித்தது. “அரிசி போட்டா சோறு வெந்துடும்” என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் போன் போட்டிருப்பார் போல, சவுண்டு சர்வீஸ்காரர் காரில் வந்து இறங்கினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேனலைப் பார்த்தார். கரண்டு அளக்கிற கிளாம்பு மீட்டரைக் கேட்டு வாங்கி, பேனலிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு வயரிலும் அவரே மாட்டிப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காலையில் எனக்கும் வரவில்லை, அதனால் நான் வற்புறுத்தவில்லை.

இரண்டு பேரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். மேனேஜர் மட்டும் திரும்பி வந்தார், முகத்தில் இப்போது சிரிப்பு இருந்தது.

“சரிம்மா, வெச்சுக்கலாம். அடுத்த முகூர்த்தத்துல இருந்தே நிறுத்திடு. ஒண்ணே ஒண்ணு. மேல அண்ணன் கடை போர்டு தொங்கட்டும். யாருனா கேட்டா அவரு செட்டுன்னு சொல்லிக்கலாம். உனக்கு வர்றது வந்துடும்.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சுட்டது.

“மெஷின் என்னுது சார்.”

“இல்லேன்னு யாரு சொன்னா? ஒரு போர்டுதானேம்மா. அத்த மாட்டிக்கினா இன்னா குறைஞ்சிடப் போவுது?”

“என் பேரை மாட்டினா மண்டபத்துக்கு இன்னா குறைஞ்சிடப் போவுது?”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம். யாரு செட்டு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்பாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியும். தெரிந்துதான் முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். வீட்டுக்காரர் டிராக்டரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டி ஒத்துக்கொண்டால் ஷெட்டு நிலைத்துவிடும், ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வேலை இருக்கும். தொழிற்சாலைக்குப் போக வேண்டாம். ஆனால் அது தொழிற்சாலையேதான், பஸ் ஏறாமல் போகிற தொழிற்சாலை. அங்கே பின்வரிசையில் கைதட்டினேன், இங்கே அடுத்தவர் போர்டுக்குக் கீழே நின்று டீசல் ஊற்றுவேன். நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

பிரேக்கரை இறக்கினேன். இன்ஜினையும் அணைத்தேன். இவ்வளவு நேரம் அந்தச் சத்தத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“உங்க மண்டபத்தை என் மெஷின் தாங்கும் சார். என் பேரைத்தான் உங்க மண்டபத்தால தாங்க முடியல.”

அண்டா தேய்க்கிற அம்மா மட்டும் சந்திலிருந்து வந்து, குழாயைச் சுற்றி எடுத்துக்கொண்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கொதித்த தண்ணீர் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவசரப்பட்டு ஓடுகிற மாதிரி போகக்கூடாது என்று எனக்கு. மேனேஜர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு சாக்கடையில் கொட்டிவிட்டுக் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது வீட்டுக்காரர், “நல்லாத்தான் சொன்ன. அடுத்த மாசம் வாடகைக்கு இன்னா பண்றது?” என்றார். தெரியலை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அந்த மாதம் கஷ்டம்தான். அதை இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். மோட்டார் ரிப்பேரை வைத்து ஓட்டினேன், தொழிற்சாலையிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. பிறகு அன்று மண்டபத்தில் நின்று பார்த்த சமையல் காண்டிராக்டர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அவர் சமைக்கிற இடங்களுக்கெல்லாம் என் மெஷின் போனது. அவர் சொல்லி வேறு ஒருவர். எங்கள் பக்கத்து மாதா கோயில் தேர்பவனி, அதற்குப் பிறகு இரண்டு ஊர் தள்ளி ஒரு அம்மன் கோயில் கூழ்வார்ப்பு. எல்லா இடத்திலும் என் பெயரும் காலனியின் பெயரும் பெரிதாக எழுதிய போர்டோடுதான் நின்றது. கேட்டவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். ஒரு பல்பும் அணையவில்லை.

அந்தக் கூழ்வார்ப்பு அன்று மத்தியானம், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். அன்றைக்கு டவுனில் நாள் முழுக்கப் பராமரிப்பு மின்தடை, சவுண்டு சர்வீஸ்காரர் வைத்திருந்த செட்டு ஏ.சி. போட்டதும் நின்றுவிடுகிறதாம், உள்ளே நிச்சயதார்த்தம் நடக்கிறதாம்.

“உன் செட்டு வருமா?” என்று கேட்டார்.

“வரும் சார். போர்டோட வரும்.”

அந்தப் பக்கம் ஜனங்கள் விசிறிக்கொள்கிற சலசலப்பு கேட்டது. “யோசிச்சு சொல்றேன்மா” என்றார்.

“நிதானமா யோசிங்க சார். இன்னிக்கி வர முடியாது. இங்க ஓடிக்கினு இருக்குது” என்று சொல்லி, போனை இன்ஜின் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.